வளையத்துக்கு மேலே ஒரு கை

மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய அரைத் தூக்க வேளையில் தராசுக்குத் தும்மல் வந்தது. ஒன்றோடு நிற்கிற தும்மல் இல்லை அவளுடையது. சர்க்யூட் பலகைக்குப் போகிற கேபிளைத் தாங்கிக்கொண்டிருந்த இடது கையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, ஊரைக் கூட்டுகிற மாதிரி அடுக்கடுக்காகத் தும்மிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அளக்கும் கருவியின் திரையைப் பார்த்தாள். திரையில் இருந்த கோடு இடம் மாறியிருந்தது.

இரண்டு மேடுகளும் நடுவில் ஒரு பள்ளமுமாக இருக்க வேண்டிய கோடு அது. இப்போதும் அப்படித்தான் இருந்தது. ஆனால் மேடுகள் இரண்டும் சொல்லிவைத்தாற்போல வலப்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்திருந்தன. அவள் கையை மறுபடி கேபிளுக்கு அடியில் கொடுத்தாள். மேடுகள் தயங்கித் தயங்கி இடப்பக்கம் திரும்பின. கையை எடுத்தாள், வலப்பக்கம். கொடுத்தாள், இடப்பக்கம். குளிரூட்டியின் ரீங்காரத்தில் பாதி கனவாகக் கிடந்த அந்த அறையில், பச்சைக் கோடு அவள் கைக்கு ஏற்ப மூச்சு விடுவதுபோல இருந்தது. கொஞ்ச நேரம் அவள் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டே இருந்தாள். அழகாகத்தான் இருந்தது. என்ன நடந்திருக்கிறது என்று புரிந்தபோதுதான் கையைச் சட்டென்று மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

தராசு என்பது அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர். எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டாள், பேச்சையும் அளந்துதான் பேசுவாள் என்பதால் வந்தது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவள் சொல்லும் முதல் வார்த்தையே, "கைய எடு" என்பதுதான். மைக்ரோவேவ் சர்க்யூட்டுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் அந்தக் கையும் சர்க்யூட்டில் ஒரு பாகமாகிவிடும். கைக்குள் இருக்கிற தண்ணீரும் ரத்தமும் அலையைத் தன் பக்கம் இழுத்துவிடும். இந்தப் பாடத்தை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஒப்பித்தவள், தன் கையை மட்டும் மறந்துபோனாள். கேபிளுக்கு முட்டுக் கொடுத்திருந்த ஸ்பாஞ்சுத் துண்டை யாரோ ஜன்னல் ஆடாமல் இருக்க எடுத்துப் போய்விட்டார்கள். முட்டு இல்லாவிட்டால் கேபிளின் கனத்துக்கு, அது பலகையோடு சேருகிற இணைப்பு ஆட்டம் கண்டுவிடும். நாளைக்கு வேறு ஸ்பாஞ்சு வெட்டிக்கொள்ளலாம் என்று அன்றைக்குக் கையைக் கொடுத்தாள். அந்த நாளை வரவேயில்லை. தும்மாதிருந்தால் இன்றும் வந்திருக்காது.

அந்தப் பலகையை வடிவமைத்தவள் அவளுடைய அண்ணி. உடன்பிறந்த அண்ணனின் மனைவி. ஒட்டுறவு சொல்லி அழைக்கிற அண்ணி இல்லை. ஆனால் தராசு "அண்ணி, அண்ணி" என்று கூப்பிடக் கூப்பிட, அது காவலாளியிலிருந்து மானேஜர் வரை தொற்றிக்கொண்டுவிட்டது. ஐம்பத்தைந்து வயது மானேஜர், "அண்ணி, வாடிக்கையாளருக்கு என்ன பதில் சொல்ல?" என்று வந்து நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். அண்ணி சிரிக்காமல் பதில் சொல்வாள்.

கடலில் விழுந்தவர்களுக்கான மிதவைச் சட்டையில் தைக்கப்போகும் ஒரு சின்னக் கருவிக்கான ஃபில்டர், அதாவது அலைகளை வடிகட்டுகிற சர்க்யூட், அந்தப் பலகை. அது இரண்டே இரண்டு அலைவரிசைகளை உள்ளே விட வேண்டும். விழுந்தவர் எங்கே மிதக்கிறார் என்று கண்டுகொள்ள ஒன்று, நாங்கள் வந்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்குச் சொல்ல இன்னொன்று. மற்ற எது வந்தாலும் வாசலோடு திருப்பி அனுப்பிவிட வேண்டும். இதற்கு அண்ணி செம்புத் தகட்டில் இரண்டு சதுர வளையங்கள் போட்டிருந்தாள், ஒன்றுக்குள் ஒன்றாக, அலைவரிசைக்கு ஒன்று. ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் இரண்டு அலைகள் குடியிருக்கும். ஒருநாள் சமையலறையில் சதுரத் தட்டில் தண்ணீர் ஊற்றி அண்ணி அதைக் காட்டினாள். தட்டை முன்னும் பின்னும் ஆட்டினால் ஓர் அலை, பக்கவாட்டில் ஆட்டினால் இன்னோர் அலை. இரண்டும் ஒன்றையொன்று ஊடுருவிப் போகும், ஆனால் ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியாது. "இப்ப பாரு" என்று தட்டின் மூலையில் ஒரு ஸ்பூனைப் போட்டாள். அடுத்த ஆட்டலில் முன்னும் பின்னும் போன அலை மூலையில் இடறிப் பக்கவாட்டிலும் திரும்பியது. "அவ்வளவுதான். மூலையில ஒரு சின்னக் கோளாறு பண்ணினாப் போதும், ரெண்டும் பேச ஆரம்பிச்சிடும். என் வேலையே அந்தக் கோளாற எவ்வளவு பண்றதுன்னு கணக்குப் போடறதுதான்." தண்ணீர் அடுப்பு மேடை முழுக்கச் சிந்திவிட்டது. அதைத் துடைத்தது தராசுதான்.

அண்ணன் போய் ஆறு வருடமாகிறது. அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் ஆசிரியனாக இருந்தான். கற்றுக்கொள்பவர் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, வீட்டில் நாற்காலியில் இருக்கும்போதும் அவன் வலது கால் ஒரு பிரேக்கைத் தேடும். தொலைக்காட்சியில் ஒரு கார் வேகமாக வந்தால்கூடத் தரையை மிதிப்பான். இவர்கள் இருவரும் அதைச் சொல்லிச் சொல்லியே அவனைக் கேலி செய்வார்கள். கடைசி நாளிலும் அவன் கற்றுக்கொள்ள வந்த பெண்ணிடம், "அப்படியே ஓரமா நிறுத்துங்க, சிக்னல் போடுங்க, இன்ஜினை அணைங்க" என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறான். அவள் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது பக்கத்து இருக்கையில் அவன் உயிரோடு இல்லை. அதற்கப்புறம் வேறெங்கும் போக அண்ணிக்குத் தோன்றவில்லை, போகச் சொல்ல இவளுக்கும் தோன்றவில்லை. ஒரே வீடு, ஒரே பேருந்து, ஒரே அலுவலகம். காலையில் குளியலறைக்கு யார் முதலில் என்ற சண்டையும் ஒன்றே.

இன்று காலை அந்தச் சண்டை நடக்கவில்லை. அண்ணி காபிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றாள்.

"தாமிரம் என்னைக் கேட்டாரு" என்றாள்.

"என்ன கேட்டாரு?"

"கல்யாணம் பண்ணிக்கலாமான்னு. இந்த ஃபில்டர் முடியட்டும், பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

தாமிரம் என்பது பலகை அரிக்கிற கடைக்காரருக்கு இவர்கள் இருவரும் வைத்த பெயர். செம்புத் தகட்டை அமிலத்தில் இட்டு, அண்ணி வரைந்த வடிவத்தை மட்டும் மிச்சம் வைத்துக் கொண்டுவருவார். விரல்களெல்லாம் மருதாணி இட்டதுபோல எப்போதும் பழுப்பேறிக் கிடக்கும். வேறு வாடிக்கையாளர்களுக்கெல்லாம் பலகையைக் கூரியரில் அனுப்புகிறவர், இங்கே மட்டும் செய்தித்தாளில் சுற்றித் தானே எடுத்துவருவார். அதை வைத்தும் எவ்வளவோ கேலி செய்தாயிற்று. அந்தக் கேலியில் தராசுக்குத்தான் அதிகப் பங்கு. இன்று காலை மட்டும் பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

இப்போது அவள் எழுந்து அலமாரியைத் திறந்தாள். தேறாமல் போன பலகைகள் வரிசையாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றையும் அவள் அளந்து, தப்பு என்று சொல்லி, அண்ணி திருத்தி, தாமிரம் மறுபடி அரித்து எடுத்துவந்தவை. ஒரு தடவை கீழ் அலைவரிசை இறங்கியிருக்கும், அதைத் திருத்தினால் அடுத்த தடவை மேல் அலைவரிசை. கை நேற்றிருந்த இடத்தில் இன்று இருக்குமா என்ன? வடிவத்தைப் போட்டுப் பார்த்த கணினி முதல் பலகையிலிருந்தே எல்லாம் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. "கம்ப்யூட்டர் பொய் சொல்லலாம், தராசு சொல்ல மாட்டா" என்று அண்ணி மானேஜரிடமே சொன்னாள். அது நினைவுக்கு வந்ததும் தராசுக்குக் காது மடல் சுட்டது.

அடியில் கிடந்த முதல் பலகையை எடுத்துப் பொருத்தினாள். கேபிளுக்கு அடியில் தன் சாப்பாட்டு டப்பாவின் துணிப்பையை மடித்து முட்டுக் கொடுத்தாள். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தாள்.

கோடு விழுந்தது. இடப்பக்கம் ஒரு மேடு, தட்டையாக, விளிம்பு வெட்டியதுபோல. வலப்பக்கம் இன்னொன்று. நடுவில் ஆழமான பள்ளம். எங்கே இருக்க வேண்டுமோ அங்கே, மயிரிழை பிசகாமல். அண்ணி முதல் நாளே சரியாகப் போட்டிருந்தாள். ஒரு கோடு இவ்வளவு அழகாக இருக்க முடியுமா என்று திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். கடலில் எங்கோ ஒருவர் மிதந்துகொண்டு, வருகிறோம் என்ற குரலைக் கேட்கிறார் என்று ஒரு கணம் நினைத்துக்கொண்டாள். அதே கணத்தில் இன்னொரு நினைப்பும் பின்னாலேயே வந்தது.

இதைச் சொன்னால் ஃபில்டர் இன்றோடு முடிந்தது. முடிந்தால் அண்ணி பதில் சொல்லியாக வேண்டும். அண்ணி இல்லாத வீட்டை அவள் நினைத்துப் பார்த்தாள். குளியலறை எந்நேரமும் காலியாக இருந்தது. சொல்லாவிட்டாலோ, பழையபடி கையைக் கொடுத்தால் போதும். இந்தப் பலகையும் தேறாது, அடுத்ததும் தேறாது. யாருக்கும் சந்தேகம் வராது. அண்ணி திருத்திக்கொண்டே இருப்பாள், கூடவே இருப்பாள். ஒரு கையைச் சும்மா வைத்துக்கொண்டிருப்பது ஒரு குற்றமா? தன்னிடம் இப்படியொரு புத்தி இருக்கிறது என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அவமானமாக இருந்தது. ஆனாலும் அந்த நினைப்பு இனிக்கத்தான் செய்தது.

அண்ணி மதிய வேளைகளில் எதிரொலி இல்லாத அறையில்தான் இருப்பாள். ஆன்டெனாக்களைச் சோதிப்பதற்கான அறை அது. சுவர், கூரை, தரை எல்லாம் முழங்கை நீள நீலக் கூம்புகள், கரி கலந்த ஸ்பாஞ்சில் செய்தவை. அலை போய் முட்டினால் திரும்பாது. அலை மட்டுமல்ல, குரலும் திரும்பாது. பேசினால் வார்த்தை உதட்டைத் தாண்டியதும் பஞ்சில் விழுந்ததுபோலக் காணாமல் போகும். நடப்பதற்கு நடுவில் ஒரு மரப்பாதை உண்டு. அதில் கைப்பையைத் தலைக்கு வைத்து அண்ணி படுத்திருந்தாள். ஒற்றை விளக்கின் வெளிச்சத்தில், நீலக் கூம்புகளுக்கு நடுவே, நடுக்கடலில் படகில் படுத்திருப்பவள்போல இருந்தாள்.

"தூங்கறீங்களா அண்ணி?"

"இல்ல. வந்து படு. கூம்பு மேல கால வெச்சிடாத, போன தடவை ஒண்ணு நசுங்கினதுக்கு மானேஜர் துக்கம் அனுசரிச்சாரு."

தராசு அவள் தலைமாட்டில் தலை வைத்து எதிர்ப்பக்கமாகக் கால் நீட்டிப் படுத்தாள். இரண்டு தலைகளும் கிட்டத்தட்ட ஒட்டியிருந்தன. இந்த அறையில் கொஞ்ச நேரம் கிடந்தால் தன் காதுக்குள் ஓடும் ரத்தம் தனக்கே கேட்கும். அது தன்னுடையதா அண்ணியுடையதா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"காலைல சொன்னதுக்கு நீ ஒண்ணுமே சொல்லல" என்றாள் அண்ணி.

"நான் சொல்ல என்ன இருக்கு? கேட்டது உங்களத்தானே."

"உன்னக் கேக்காம நான் யாரைக் கேக்கறது?"

"என்னை எதுக்குக் கேக்கணும்? அண்ணன் வழியாத்தான் நான் உங்களுக்கு நாத்தனார். நீங்க அவரக் கட்டிக்கிட்டா அப்புறம் நான் யாரு? அதுக்கு ஒரு முறையாவது இருக்கா, பேராவது இருக்கா?"

கேட்ட மாத்திரத்தில் அந்தக் கேள்வியும் கூம்புகளுக்குள் போய்விட்டது. 

"தெரியல" என்றாள் அண்ணி. "நானும் அதையேதான் யோசிச்சிட்டுக் கெடக்கேன். அவர் கூட இருக்கற வீட்டை எத்தனையோ விதமா மனசுல கட்டிப் பாத்துட்டேன். ஒவ்வொண்ணுலயும் நீ எந்த ரூம்ல இருக்கேன்னுதான் முதல்ல தேடறேன். இதெல்லாம் ஒருத்தர்கிட்ட எப்படிச் சொல்றது? பயந்து ஓடிடுவாரு." கைப்பையைத் தலைக்கடியில் சரி செய்துகொண்டாள். "அதனாலதான் இந்த ஃபில்டர் இப்படியே இழுத்துட்டிருந்தா தேவலன்னு சில நாள் எனக்கே தோணுது. தப்புதான். ஆனா தோணுது."

தராசு கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீலக் கூம்புகள் தலைகீழாகத் தொங்கின. பார்க்கப் பார்க்க மேலே இருப்பதுதான் தரை, தான்தான் கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு மயக்கம் வந்தது. தன்னைப் போலவே இவளும் அந்த ஃபில்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறாள் என்று தெரிந்ததும், அதற்கு மேல் அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"முதல் பலகை சரியா இருக்கு அண்ணி."

"எந்த முதல் பலகை?"

"நீங்க போட்ட முதல் பலகை. எல்லாமே சரி. தப்பு என் கைதான். ஸ்பாஞ்சு காணாமப் போனதுலேர்ந்து கேபிளக் கையில தாங்கிட்டிருந்தேன். வளையத்துக்கு நேர் மேல. இப்பத் தும்மினப்பதான் தெரிஞ்சது."

அண்ணி எழுந்து உட்கார்ந்தாள். அவள் முகம் இப்போது தராசின் முகத்துக்கு மேலே தலைகீழாகத் தெரிந்தது. தராசு திட்டு வாங்கக் கண்ணை மூடிக்கொண்டாள். எத்தனை உழைப்பு, எத்தனை திருத்தம், மானேஜரிடம் எத்தனை ஏச்சு. வந்தது திட்டு இல்லை. முதலில் ஒரு செருமல், பிறகு அடக்கி அடக்கிப் பீறிட்ட சிரிப்பு. எதிரொலி இல்லாத அறையில் சிரித்தால் அது மிக நெருக்கமாக, காதுக்குள்ளேயே சிரிப்பதுபோலக் கேட்கும்.

"கைய எடு, கைய எடுன்னு ஊருக்கெல்லாம் சொல்லுவியே!"

"சிரிக்காதீங்க. எனக்கு அழுகையா வருது."

"ஏய், யோசிச்சுப் பாரு. முதல் பலகையோட முடிஞ்சிருந்தா நான் அந்த மனுஷன்கிட்ட நாலு வார்த்தை பேசியிருப்பேனா? பலகையக் குடுத்துட்டுப் போயிருப்பாரு. திரும்பத் திரும்ப அவர இங்க வரவெச்சது யாரு?" அண்ணி அவள் இடது கையை எடுத்து அவள் முகத்துக்கு முன்னாலேயே ஆட்டிக் காட்டினாள். "இதுதான்."

தராசு அந்தக் கையைப் பார்த்தாள். தன்னுடையதுதான். விரல் நுனியில் துணிப்பையின் நூல் ஒன்று ஒட்டியிருந்தது. அண்ணியைத் தன்னோடு வைத்துக்கொள்ள இத்தனை நேரம் எந்தக் கையை நம்பியிருந்தாளோ, அந்தக் கையேதான் அவரை அண்ணியிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் விக்கல்தான் வந்தது. அண்ணி அவள் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அவளும் அழுதாள் என்பது நெற்றியில் விழுந்த ஈரத்தில்தான் தெரிந்தது.

கனத்த கதவு திறந்து காவலாளி தலையை நீட்டினார். "பலகைக்காரர் வந்திருக்காரு" என்றார். அவர் குரலும் பாதியிலேயே விழுந்துவிட்டது. அண்ணி அவசரமாகக் கண்ணைத் துடைத்தாள். "நீங்க இருங்க, நான் பாத்துக்கறேன்" என்று தராசு எழுந்து போனாள்.

தாமிரம் வரவேற்பறை நாற்காலியின் நுனியில், செய்தித்தாள் பொட்டலத்தை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக வந்த பையன்போலப் பொட்டலத்தை நீட்டினார்.

"இந்தத் தடவையாவது சரியா வருதான்னு பாருங்க. உள்வளையத்த ரெண்டு தரம் சரி பாத்துட்டேன்."

"சரியாயிடுச்சுங்க" என்றாள் தராசு.

"இன்னும் பிரிக்கவே இல்லையே?"

"முதல் பலகையே சரியாத்தான் இருந்திருக்கு. இன்னிக்குத்தான் தெரிஞ்சது. ஃபில்டர் முடிஞ்சுது."

சந்தோஷப்படுவார் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். அவர் முகம் வெளிறிப்போனது. பழுப்பேறிய விரல்கள் பொட்டலத்தின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தன.

"அப்ப, இனிமே பலகை வேணாமா?" என்று கேட்டார்.

இத்தனை நாள் கேலி செய்த ஆளை அவள் அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். காலையிலிருந்து தன்னை அரித்துக்கொண்டிருந்த அதே பயம்தான் அவர் முகத்திலும் இருந்தது. ஒரு வேலை முடிந்துவிட்டால் இங்கே வந்து நிற்பதற்குத் தனக்கு என்ன காரணம் இருக்கிறது என்ற பயம். அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அண்ணா என்று கூப்பிட நாக்கு வராது; அது ஒருவனுக்கு மட்டும். ஆனால் இந்த மனிதரை இப்படியே வாசலில் நிறுத்தி வைக்கவும் மனது வரவில்லை.

"பலகை வேணாம்" என்றாள். "நீங்க உள்ள வாங்க."

நடைபாதையில் அவர் இரண்டடி பின்னாலேயே வந்தார். எதிரொலி இல்லாத அறையின் கதவை அவள் உடம்பால் தள்ளித் திறந்தாள். "மரத்து மேல மட்டும் நடங்க" என்றாள். அவர் நீலக் கூம்புகளைப் பார்த்து மிரண்டுபோய், கரையிலிருந்து படகில் ஏறுகிறவர்போல ஒரு காலை வைத்து மறு காலை எடுத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், தன் குரல் தன்னிடமே திரும்பி வராததைக் கேட்டுத் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அண்ணி மரப்பாதையின் மறு கோடியில் எழுந்து நின்றாள்.

தராசு வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினாள். உள்ளே நடப்பது எதுவும் வெளியே கேட்காதபடி கட்டிய கதவு அது. அலையும் தாண்டாது, வார்த்தையும் தாண்டாது. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினாள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. சோதனை நடக்கும்போது போடுகிற விளக்கு. அது எரிந்தால் யாரும் அந்தக் கதவைத் தொடக் கூடாது. எதிரே கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மானேஜர் அந்தப் பக்கமாக வந்தவர் விளக்கைப் பார்த்ததும் நடையைத் தளர்த்தினார்.

"என்ன டெஸ்ட் ஓடுது?" என்று ரகசியக் குரலில் கேட்டார்.

"தெரியல சார். முடியட்டும்."

அவர் தலையாட்டிவிட்டு, செருப்பு சத்தமிடாமல் சுவரோரமாக நடந்து போனார். அவருக்குப் பின்னால் கோப்பைகளோடு வந்த டீக்காரரும் அதேபோலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் போனார். நடைபாதையில் எல்லாரும் தூங்குகிறவரைத் தாண்டிப் போவதுபோலப் போய்க்கொண்டிருந்தார்கள். சிவப்பு வெளிச்சம் தரையிலும் அவள் மடியிலும் விழுந்துகிடந்தது.